தாப்பிரின் மண்டையோடு – ஓர் ஆய்வு

ஒரு சொல்லின் உறவை அறிய விகுதியை மட்டும் நோக்குதல் போதாது. பகுதியை நோக்குதல் வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியின் பாலபாடம். உயிரினங்களுக்கும் இது பொருந்தும் என்பதற்குத் தாப்பிர் என்னும் விலங்கு நல்ல சான்றாகும். பன்றியை ஒத்த உடலும் குட்டையான துதிக்கையும் கொண்ட இவ்விலங்கின் புறத்தோற்றம் அறிஞரையும் மயக்கியது. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயசு 1758இல் தென் அமெரிக்கத் தாப்பிரை நீர்யானையின் பேரினத்தில் சேர்த்தார். உண்மையில் இது பன்றிக்கோ யானைக்கோ நெருங்கிய உறவன்று. குதிரையும் காண்டாமிருகமும் அடங்கிய ஒற்றைப்படைக் குளம்பிகளின் வரிசையைச் சார்ந்தது.

மண்டையோடு கூறுவது

மூல எலும்பின்மேல் சிலிக்கோன் இரப்பரால் அச்செடுத்து, அதனுள் செயற்கைப் பிசினை வார்த்து மாதிரி மண்டையோடு செய்வர். அரிய விலங்கொன்றின் எலும்பமைப்பை, அதன் உயிருக்கு ஊறின்றி, மாணவர் கையிலேந்திக் கற்க இது உதவுகிறது.

அம்மாதிரியில் முதலில் கண்ணைக் கவர்வது எலும்பன்று, வெற்றிடமே. மூக்கெலும்புகள் குறுகி, சிறு கூரைபோல் மேலே நிற்கின்றன. அவற்றின்கீழ் மூக்குத்துளை அகன்று பின்னோக்கி நீள்கிறது. தாப்பிரின் துதிக்கை மேலுதடும் மூக்கும் இணைந்த தசையால் ஆனது, அதில் எலும்பில்லை. எனினும், அது அசைந்தாட எலும்பு விலகி இடந்தந்துள்ளது. இல்லாத உறுப்பை இருக்கும் எலும்பு உணர்த்துகிறது எனலாம்.

மேல்தாடையின் மூன்றாம் வெட்டுப்பல் கோரைப்பல்லினும் பெரியது. அடுத்து ஓர் இடைவெளி. அதன்பின் குறுக்கு முகடுகளுடைய, உயரங்குறைந்த கடைவாய்ப்பற்கள். இவை மெல்லிய தழைகளை நறுக்குதற்கு ஏற்றவை. புல் மேயும் குதிரைக்கோ தேய்மானந் தாங்கும் உயர்ந்த பற்கள் உள.

ஆயினும் பல் ஒன்றே போதிய சான்றாகாது. டைனோதீரியம் என்னும் அழிந்த விலங்கின் பற்களைக் கண்ட குவியே, அதனைப் பேருருத் தாப்பிர் எனக் கருதினார். அது யானையின் வரிசையைச் சார்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

வாழ்வியல்

தாப்பிருக்கு முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று. ஏறத்தாழப் பதின்மூன்று மாதக் கருவுக்குப்பின் பெரும்பாலும் ஒரு குட்டியே பிறக்கும். குட்டியின் உடலிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் காட்டின் ஒளிநிழலில் அதனை மறைக்கும்.

இன்று பொதுவாக ஏற்கப்படும் நான்கு இனங்களுள் மூன்று அமெரிக்கக் கண்டத்திலும் ஒன்று தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்கின்றன. இத்துணைத் தொலைவிலுள்ளோர் உறவினர் ஆனது எவ்வாறு? முற்காலத்தே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தாப்பிர்கள் வாழ்ந்தமைக்குப் புதைபடிவங்கள் சான்று பகர்கின்றன. இடையிலிருந்தோர் மறைந்தனர், இரு முனையினரே எஞ்சினர்.

எஞ்சியோரும் இன்று இடர்ப்பாட்டில் உள்ளனர். கறுப்புடலில் வெண்போர்வை போர்த்தாற் போன்ற மலாயாத் தாப்பிர், காடுகள் செம்பனைத் தோட்டங்களாக மாறுவதாலும் சாலை விபத்துகளாலும் அருகிவருகிறது. தாப்பிர் பழங்களை உண்டு, விதைகளைத் தொலைவில் எச்சமாக இட்டுக் காட்டை வளர்க்கும் விலங்கு என்பதை மறத்தலாகாது.

மாதிரி மண்டையோடு தாப்பிரின் வடிவை நம் கூடத்தில் நிலைபெறச் செய்யும். ஆனால், ஒரு விதையையேனும் காட்டிற்குச் சுமந்து செல்லாது.