மறதியை அறியாத இஸ்திரிப்பெட்டி

சீருடையைத் தேய்த்துவிட்டு, இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைக்காமல் பள்ளிக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? “அது ஆட்டோமாட்டிக் பெட்டி; தானே அணைந்துவிடும்” என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது தவறு.

அப்பெட்டியினுள், இருவேறு உலோகங்களை ஒன்றாகப் பிணைத்த தகடு ஒன்று உள்ளது. சூடேறும்போது ஓர் உலோகம் மற்றதைவிட அதிகமாக விரிவதால் தகடு வளைகிறது, மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஆறியதும் தகடு நிமிர்கிறது. மின்சாரம் மீண்டும் பாய்கிறது. பெட்டியிலுள்ள சிறு விளக்கு அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். ஆகவே, இத்தகடு சூட்டை அளவாக வைக்கிறதேயன்றி, நமது மறதியை அறிவதில்லை. துணிமேல் விட்ட பெட்டி மாலைவரை அதைச் சுட்டுக்கொண்டே இருக்கும், தீயும் பற்றலாம்.

மறதியை அறியும் பெட்டிகளும் இன்று உண்டு. அவை அசைவைக் கவனிக்கின்றன. பலவற்றில், படுத்த நிலையில் சுமார் 30 விநாடியும், நிமிர்ந்த நிலையில் சுமார் 8 நிமிடமும் அசைவில்லையெனில் சூடேற்றுவது நின்றுவிடும். படுத்திருக்கையில் சூடான அடிப்பகுதி துணியைத் தொடுவதால்தான் அவ்வளவு குறைந்த நேரம்.

தோழியரே, நம் வீட்டுப் பெட்டி எவ்வகையாயினும், தேய்த்த துணியை மடிக்குமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுவோம். இல்லத்தின் முதற்காவல் நமது கைகளே!