பொருநைக்கரை வாயில்

பொதிய மலையிலே பிறந்து கீழ்கடலிலே கலக்கும் பொருநையாறு, தமிழகத்தின் பேராறுகளோடு ஒப்பிட்டால் நீளத்திற் சிறியது. 120 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாகவே அஃது ஓடுகின்றது. ஆயினும் அதன் இரு கரைகளிலும் தமிழர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. அவ்வாழ்வின் சுவடுகளைக் கண்ணாரக் காண விரும்புவோர்க்கு வாயிலாய் அமைந்த ஊர் திருவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் என வழங்கும் அவ்வூர் திருநெல்வேலியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் வடகரையிலே உள்ளது. அங்கிருந்து மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. கிழக்கே சென்றால் ஆழ்வார்திருநகரியும் கொற்கையும். வடக்கே நெடுந்தொலைவு சென்றால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் அடித்தளம்.

ஊரை அணுகும்போது முதலில் நம் கண்ணைக் கவர்வது அணைக்கட்டு. பொருநையின் குறுக்கே அமைந்த எட்டு அணைகளுள் இதுவே கடைசியானது. 1873-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஏனைய ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னரே நம் நாட்டவர் கட்டியவை. திருவைகுண்டத்து அணையின் இரு புறமும் வடகால், தென்கால் என்னும் கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. நெல்லும் வாழையும் செழிக்கும் அவ்வயல்களைக் கண்ட பின்னரே இங்குள்ள பழைய ஊர்களைக் காண்டல் முறையாகும். நீர் உள்ள இடத்திலேயே குடியும், குடி உள்ள இடத்திலேயே கோயிலும் கோட்டையும் தோன்றும்.

இவ்வூரின் திருமால் கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று, நவதிருப்பதிகளுள்ளும் ஒன்று. கைலாசநாதர் கோயிலோ நவகைலாயங்களுள் ஒன்றாகும். பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த குமரகுருபரர் பிறந்ததும் இவ்வூரிலேயே. ஐந்தாண்டு வரை பேசாதிருந்த அக்குழந்தை, திருச்செந்தூரிலே முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடியது என்பர். திருமால் கோயிலின் உயர்ந்த மதில் ஒரு காலத்திலே போருக்கும் பயன்பட்டது. 1801-ஆம் ஆண்டுப் போரில் கும்பினியார் படை அக்கோயிலையே கோட்டையாகக் கொண்டது. இறைவன் உறையும் இடத்தில் துப்பாக்கியோசை கேட்ட அந்நாட்களை எண்ணினால் நெஞ்சம் நடுங்கும்.

இவ்வூரிலே மண்ணால் எழுப்பிய கோட்டை ஒன்றும் இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் எனப்பட்ட குடியினர் அதனுள் வாழ்ந்தனர். அக்குடிப் பெண்டிர் மதிலைக் கடந்து வெளியே வருவதில்லை என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இருபதாம் நூற்றாண்டிலே அது மறைந்தது. பகைவரைத் தடுக்கக் கட்டுவது கோட்டை என்றே நாம் கற்றிருக்கிறோம். உள்ளே இருப்பவரையும் அது தடுக்கக் கூடும் என்பதை அம்மண்மதில் நமக்கு உணர்த்துகின்றது.

இனி ஆதிச்சநல்லூருக்குச் செல்வோம். ஆற்றின் தென்கரையிலே 114 ஏக்கர்ப் பரப்பில் விரிந்து கிடக்கும் பறம்பு அது. மேலே கல்லும் முள்ளுமாகத் தோன்றும் அந்நிலத்தின் அடியில் முதுமக்கள் தாழிகள் நிறைந்துள்ளன. இறந்தோரைப் பெரிய மட்கலத்தில் இட்டுப் புதைத்தல் பண்டைத் தமிழர் வழக்கம். அத்தகைய தாழியை வனையுமாறு குயவனை வேண்டும் பாடல் புறநானூற்றிலே உண்டு. 1876-இல் பெர்லின் நகரத்து யாகோர் என்பவர் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழ்ந்தார். பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்கள் முதலியன அவர்க்குக் கிடைத்தன. அவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, 2004-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். அப்பொழுது கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என 2019-இல் அறியப்பட்டது. தோண்டிய குழிகளை அவ்விடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணும் காட்சிக்கூடம் 2023-இல் திறக்கப்பட்டது.

காலத்தை எவ்வாறு கணிக்கின்றனர் என்று நீங்கள் வினவலாம். உயிருள்ளவை யாவும் கரியணுக்களை ஏற்கின்றன. உயிர் நீங்கிய பின் அவற்றுள் ஒருவகைக் கரி ஒரு சீராகக் குறைந்துகொண்டே வரும். எஞ்சிய அளவைக் கொண்டு ஆண்டைக் கணிக்கலாம். இம்முறையாலேயே, அண்மையிலுள்ள சிவகளையில் ஒரு தாழியினுள் இருந்த நெல் கி.மு. 1155-ஆம் ஆண்டினது என 2021-இல் அறிவிக்கப்பட்டது. சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லும் என்னும் ஆய்வு 2025 சனவரியில் வெளியாயிற்று. அறிஞர் அதனை மேலும் ஆராய்ந்து வருகின்றனர். நம் நாட்டின் பழமை பெருமைக்குரியது; அதனை நிறுவுதற்குச் சான்றும் பொறுமையும் வேண்டும்.

திருவைகுண்டத்திலிருந்து கிழக்கே ஏரலைக் கடந்தால் கொற்கை. பாண்டியரின் துறைமுகமாய் விளங்கி, முத்தினாற் புகழ்பெற்ற பேரூர் அது. கிரேக்க மாலுமிகள் அதனைக் கொல்கோய் எனக் குறித்தனர். குற்றவாளிகளைக் கொண்டு அங்கு முத்துக் குளித்தனர் என்றும் எழுதினர். முத்தின் ஒளிக்குப் பின்னே எத்தனை பேர் துயர் இருந்தது என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். இன்று அங்கே நின்றால் கடல் தோன்றாது. வயலும் வாழையுமே தோன்றும். பொருநை கொண்டுவந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்து படிந்து, கரை கிழக்கே நகர்ந்தது. கடல் சில கிலோமீட்டர் விலகிற்று. துறைமுகமும் கடலைத் தேடிக் காயலுக்குச் சென்றது. பின்னர்த் தூத்துக்குடிக்குச் சென்றது. 1968-69-இல் தமிழகத் தொல்லியலார் கொற்கையில் அகழ்ந்தபோது சங்கறுத்த துண்டுகளும் முத்துச்சிப்பிகளும் வெளிப்பட்டன. கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது.

ஊரை மூடிய அவ்வாறு இன்றும் ஆற்றல் குன்றவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையால் வெள்ளம் கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் திருவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். சுற்றியிருந்த ஊரார் தாமும் வெள்ளத்தால் வருந்திய நிலையில் அவர்களுக்கு உணவளித்தனர். பொருநைக்கரையில் மட்கலமும் மதிலும் மட்டும் பழமையானவை அல்ல, விருந்தோம்பலும் பழமையானதே.

வடக்கே ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சியைக் காணாமல் இப்பயணம் நிறைவுறாது. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டையிலே சிறைப்பட்டான். 1801 பிப்ரவரி 2-இல் அவன் சிறையினின்றும் தப்பினான். இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மக்கள் மண்ணால் மீண்டும் எழுப்பினர். பீரங்கிகளை எதிர்த்து அம்மண்கோட்டை மே மாதம் 24-ஆம் நாள் வரை நின்றது. இன்று அங்கே காணும் நினைவுக்கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. அதனருகே பழைய கோட்டையின் அடித்தளம் காக்கப்படுகின்றது. புதியதன் அழகைக் கண்டு மீள்பவர் பலர். பழைய அடித்தளத்தின் அருகே சற்று நின்று நோக்குபவரே வந்த பயனைப் பெறுவர்.

மாணவர்களே! இவ்விடங்களுக்கு நீங்கள் செல்லுங்கால் ஒன்றை மறவாதீர்கள். பறம்பிலே கிடக்கும் ஓர் ஓட்டுத்துண்டு அழகாக இருக்கின்றதே என்று எடுத்துச் சட்டைப் பையில் இடாதீர்கள். அவ்வோடு எந்த மண்ணடுக்கில், எதன் அருகே, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதே அதன் வரலாறு. இடம் பெயர்ந்த ஓடு வெறும் ஓடாகிவிடும். அதனை மீண்டும் பேசச் செய்ய எந்த அறிஞராலும் இயலாது. சுவரிலே பெயரைக் கீறுவதும் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுவதும் அத்தகைய கேடுகளே. உங்கள் ஊரில் கிணறு தோண்டும்போது பழங்கலம் தட்டுப்பட்டால் உடைக்காமல் ஆசிரியரிடமோ ஊராட்சியாரிடமோ கூறுங்கள். சிவகளையிலே மூவாயிரம் ஆண்டுக்கு முன் எவரோ ஒருவர் தம் உறவினரின் தாழியினுள் ஒரு பிடி நெல்லை அன்போடு இட்டார். அந்நெல் நம் கைக்கு வரும்வரை அத்தாழியை எவரும் உடைக்கவில்லை. அதனாலேயே அவரை நாம் அறிந்தோம்.