படியேறப் போகிறீர்களா?

திருச்சிக்காரர்கள் மலையேற்றம் பழக மலைக்கோட்டையே போதும். உயரம் 83 மீட்டர், படிகள் 400க்கு மேல். தாயுமானவர் சன்னதி வரை நிழல். உச்சிப் பிள்ளையாரை நெருங்கும்போது வெட்டவெளிப் பாறை. செருப்பில்லாத கால் என்பதால் காலை எட்டு மணிக்குள் ஏறி, காவிரியையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் பார்த்துவிட்டு இறங்குவது உத்தமம்.

குளித்தலை அருகே ஐயர்மலை வேறு ரகம்: 1,017 படிகள். காலையில் கடம்பர்கோயில், மதியம் ஐயர்மலை, மாலையில் ஈங்கோய்மலை என ஒரே நாளில் மூன்றையும் தரிசிப்பது பழைய வழக்கம். புண்ணியம்தான்; ஆனால் சித்திரை வெயிலில் உள்ளங்கால் வெந்துவிடும். அந்த மாதிரி நாளில், ஐயர்மலைக்கு 2024-இல் வந்த ரோப் கார் கைகொடுக்கும்.

தின்பண்டத்தைக் கேரிபேக்கில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது கைப்பிடியை விடவேண்டாம்.