கொதித்த நீர் இருக்க, சொட்டு மருந்து எதற்கு?

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அப்படியும் மூத்தவனைப் போன தை மாதம் வயிற்றுப்போக்குக்காக மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு மாதக் கைக்குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து அவசியமா? – வாசகி, ஆவடி

அவசியம்தான் அம்மா. நீங்கள் சொன்ன மாதமே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. அழுக்கு நீர் மட்டும்தான் காரணம் என்றால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் தெருவில் மழைநீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகையோடு தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். ரோட்டா வைரஸோ இந்தியாவில் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்மாதங்களில்தான் அதிகம் தாக்குகிறது. கையிலும் விளையாட்டுப் பொருளிலும் ஒட்டிப் பரவும் கிருமி இது. தடுப்பு மருந்து வருவதற்கு முன், குழாய் நீர் சுத்தமாக இருந்த பணக்கார நாடுகளிலும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் இதற்கு ஆளானார்கள். கொதித்த நீர் டைபாய்டைத் தடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் இதற்கு அது போதாது.

'போட்ட பிள்ளைக்கும் பேதி வருகிறதே' என்பார்கள். வரலாம், பேதிக்குக் கிருமிகள் பல. டெல்லி, புனே, வேலூரில் நடந்த ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டு மருந்தின் ஆய்வில், முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு 56 சதவீதம் குறைந்தது. மருத்துவமனைக்குப் போக வைக்கும் வகையில் பாதிக்கு மேல் குறைவது சின்ன விஷயமே அல்ல.

தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். 6, 10, 14ஆம் வாரங்களில் கொடுக்க வேண்டியது. தாமதமானாலும் ஒரு வயதுக்குள் தொடங்கலாம். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். கண் குழிந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.