பட்டன் எரியலைன்னா உடனே மாட்யூல் வாங்காதே!

பனி கொட்ட ஆரம்பிச்சா போதும், இந்த அக்காவுக்கு போன் வந்துடும். "டாஷ்ல 'சர்வீஸ் ஃபோர் வீல் டிரைவ்'னு காட்டுதுக்கா. மாட்யூல் போயிடுச்சுன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடவா?" போடாதே. கார்டை உள்ளே வை. அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படி.

நான் சொல்றது 2003-லேர்ந்து 2006 வரைக்கும் வந்த செவர்லே சில்வராடோ 1500, ஜி.எம்.சி. சியரா 1500 டிரக்குகளுக்கு. 2007-ல 'கிளாசிக்'னு பேர் ஒட்டி பழைய பாடியிலயே வந்ததும் இதே ரகம்தான். மிச்சிகன், ஒஹாயோ பக்கம் செகண்ட் ஹேண்ட் டிரக் தேடுற நம்ம பசங்க கண்ணுல அடிக்கடி படுற வண்டி. புது பாடி வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்க வேண்டாம்.

விஷயம் இவ்வளவுதான். டாஷ்ல ஃபோர் வீல் டிரைவ் பட்டனை அமுக்கினா சேதி டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்யூலுக்குப் போகும். மாட்யூல் ரெண்டு பேரை வேலை வாங்கும்: டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருக்கிற என்கோடர் மோட்டார், முன் ஆக்ஸில்ல இருக்கிற ஆக்சுவேட்டர். இந்த ரெண்டும் வண்டிக்கு அடியில உப்புத் தண்ணியும் சேறும் குடிச்சுக்கிட்டுக் கிடக்கு. பட்டன் தினமும் விரல்ல அடி வாங்குது. மாட்யூல் மட்டும் உள்ளே காய்ஞ்ச இடத்துல சொகுசா உட்கார்ந்திருக்கு. யாரை முதல்ல சந்தேகப்படணும்னு இப்பப் புரியுதா?

1. சக்கரத்துக்குக் கட்டை வை. ஹேண்ட்பிரேக்கும் போடு. மோட்டார் பாதி வழியில நின்னிருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல மாட்டியிருக்கலாம். அப்போ கியர் பார்க்ல இருந்தாலும் வண்டி உருளும். டிரைவ்வே கொஞ்சம் சரிவா இருந்தாலும் இதுல அலட்சியம் கூடாது.

2. சாவியைத் திருப்பிட்டு பட்டன் விளக்கைப் பார். நல்ல வண்டியில எல்லா விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு அணையும், நீ இருக்கிற கியரோட விளக்கு மட்டும் நிக்கும். இதை வச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம்:
• எதுவுமே எரியலையா? பியூஸ், பட்டன், இல்லேன்னா மாட்யூல்.
• அமுக்கினா மினுங்கிட்டு பழைய விளக்குக்கே திரும்புதா? மாட்யூல் உயிரோட இருக்கு. மாத்தச் சொல்லுது, கீழே மாற மாட்டேங்குது. மோட்டாரைப் பார்.
• '4 ஹை' விளக்கு நிலையா எரியுது, முன் சக்கரம் மட்டும் இழுக்கலையா? முன் ஆக்சுவேட்டரையும் அதோட வயரையும் பார்.

3. காசு செலவில்லாத வேலையை முதல்ல முடி. வண்டி கையேட்டுல பியூஸ் படம் இருக்கு. ஃபோர் வீல் டிரைவ் பியூஸை உருவி கண்ணால பார்த்தா மட்டும் போதாது, டெஸ்ட் லைட் வை. அப்புறம் பேட்டரி. வோல்டேஜ் குறைஞ்ச பேட்டரி இல்லாத கோளாறையெல்லாம் இருக்கிற மாதிரி காட்டும். அடுத்து வண்டிக்குக் கீழே குனி. டிரைவர் கதவுக்கு நேர் கீழே ஃபிரேமுல கிரவுண்ட் வயர் போல்ட் போட்டிருக்கும். உப்பு போடுற ஊர்ல அந்த இடம் துருவேறி, செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரியுதுன்னா கண்டிப்பா அங்கே பார். கழட்டி, வயர் பிரஷ்ஷால பளபளன்னு தேய்ச்சு, கிரீஸ் தடவி இறுக்கு.

4. கோளாறு கோடு படிக்காம ஒரு பொருளும் வாங்காதே. கையில இருக்கிற மலிவு ரீடர் பெரும்பாலும் இன்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும். "கோடே இல்லைக்கா"ன்னு வந்து நிக்காதே. டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்யூலோட பேசுற ஸ்கேனர் வேணும். அந்தக் காலத்து ஜி.எம். வண்டிக்கு மெக்கானிக்குங்க வச்சிருக்கிறது 'டெக் 2'. பி 2725 வந்தா பட்டன் சர்க்யூட். சி 0327 வந்தா என்கோடர் சர்க்யூட். சி 0550 வந்தாதான் மாட்யூல் மேலேயே சந்தேகம். அப்பவும் மாட்யூலுக்கு கரண்டும் கிரவுண்டும் ஒழுங்கா வருதான்னு மீட்டர் வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணு.

5. பட்டனை மாத்துறது சுலபம். பேனல் கிளிப்புலதான் நிக்குது, ஸ்டீரிங்கைக் கீழே சாய்ச்சு மெதுவா இழுத்தா வந்துடும். மாட்யூலை விட விலையும் கம்மி. கோடு அந்தப் பக்கம் கை காட்டினா இதை மாத்திப் பார்த்துட்டுத்தான் அடுத்த பேச்சு.

6. மாட்யூல்தான்னு உறுதியாச்சா? குளோவ் பாக்ஸைத் திற. உள்ளே வெள்ளை ஸ்டிக்கர்ல மூணு மூணு எழுத்தா நிறைய கோடு இருக்கும். 'என்.பி.8' இருந்தா ஆட்டோ 4 வீல் பட்டனோட வர்ற சிஸ்டம். 'என்.பி.1' இருந்தா பட்டன் உண்டு, ஆட்டோ கிடையாது. ரெண்டுக்கும் மாட்யூல் வேற. பார்க்க ஒரே மாதிரி இருக்கேன்னு போட்ட எத்தனை பேரைப் பார்த்துட்டேன்! பழைய மாட்யூல் மேல இருக்கிற பார்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கோ. ஜங்க்யார்டுல வாங்கினாலும் அந்த நம்பரும் ஸ்டிக்கர் கோடும் பொருந்தணும்.

7. புரோகிராமிங் யார் பண்ணுவாங்கன்னு பேசிட்டு அப்புறம் ஆர்டர் போடு. இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறீங்க. புது மாட்யூல் வெறும் பெட்டி. உன் வண்டியோட வி.ஐ.என். நம்பரை வச்சு மென்பொருளை ஏத்தினாதான் வேலை செய்யும். டீலரும் பண்ணுவாங்க, வீட்டுக்கே வர்ற மொபைல் புரோகிராமரும் பண்ணுவாங்க. பொருள் விலையோட இந்தக் கூலியையும் கூட்டிப் பார்த்தியா? "வெளியில வாங்கின பார்ட்டுக்குப் பண்ண மாட்டோம்"னு கை விரிக்கிற இடமும் உண்டு. போன்லயே கேட்டுடு. விற்கிறவங்களே உன் வி.ஐ.என். வாங்கி ஏத்தி அனுப்பினா ரொம்ப நல்லது, அலைச்சல் மிச்சம்.

8. மாட்டுறது அரை மணி வேலை. பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டு. இந்த வண்டியில பேட்டரி போல்ட் பக்கவாட்டுல இருக்கும், 8 மி.மீ. ஸ்பேனர் எடுத்துக்கோ. முழங்கால் முட்டுற பேனலோட ஸ்க்ரூக்கு பெரும்பாலும் 7 மி.மீ. சாக்கெட். பேனலை வெடுக்குன்னு இழுக்காதே, பின்னாடி வயரும் கேபிளும் மாட்டியிருக்கும். மாட்யூல் ஸ்டீரிங் கம்பத்துக்கு இடது பக்கம் உள்ளே ஒளிஞ்சிருக்கும். கனெக்டர் லாக்கை அமுக்கிட்டு கனெக்டரைப் பிடிச்சு உருவு, வயரைப் பிடிச்சு இழுத்தா உன் தலைவலி ரெட்டிப்பாகும். மஞ்சள் கனெக்டர் கண்ணுல பட்டா அந்தப் பக்கம் கையே போகக் கூடாது, அது ஏர்பேக். புது மாட்யூலோட பின்னையும் விரலால தொடாதே.

9. புரோகிராம் ஏத்துறப்போ பேட்டரிக்கு சார்ஜர் சப்போர்ட் கொடு. நடுவுல வோல்டேஜ் விழுந்தா புது மாட்யூலும் கெட்டுப் போகலாம்.

10. சோதனையை காய்ஞ்ச ரோட்டுல பண்ணாதே. '4 ஹை'யைப் பனியிலோ சரளையிலோ போட்டுப் பார். காய்ஞ்ச தார் ரோட்டுல திருப்பினா வண்டி முரண்டு பிடிக்கும், கியருக்குக் கேடு. '4 லோ'வுக்கு கியரை நியூட்ரல்ல வை, வண்டி நிக்கணும் இல்லேன்னா மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே உருளணும். இது தெரியாம, "புது மாட்யூலும் வேலை செய்யலை"ன்னு திருப்பி அனுப்பத் துடிக்கிறவங்க நிறைய.

கிரவுண்ட் வயருக்காக வண்டிக்குக் கீழே போறப்போவே இன்னொண்ணும் பார்த்துடு. என்.பி.8 வண்டியோட டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 'ஆட்டோ டிராக் 2'ங்கிற நீல ஆயில்தான். முன்னாடி வச்சிருந்தவர் சிவப்பு ஆயில் ஊத்தியிருந்தா வடிச்சுட்டு மாத்து. உள்ளே ஆயில் பம்ப் உரசி உரசி கேஸோட பின்பக்கம் பொடி ஓட்டை விழுறது இந்த கேஸுக்குப் பழைய வியாதி. மேல் பக்கமா ஈரம் தெரிஞ்சா ஆயில் அளவைப் பார்த்துட்டுதான் வண்டியை எடு. மாட்யூல் மாத்தி அது சரியாகாது.

பழைய மாட்யூலைத் தூக்கிப் போட்டுடாதே. பழுது பார்த்து விற்கிற பார்ட்டுக்கு 'கோர் சார்ஜ்'னு முன்பணம் பிடிச்சிருப்பாங்க. வந்த அட்டைப் பெட்டியிலயே பழசை வச்சு, பில்லோட கெடுவுக்குள்ள திருப்பிக் கொடுத்து பணத்தை வாங்கிடு.