ஒரே காலில் நோவு என்றால்

"வளர்ற வயசு, கால் நோகத்தானே செய்யும்." கொள்ளுப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அம்மம்மாமார் சொல்வது இது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வளர்ச்சி நோவு இரண்டு கால்களிலும் பின்னேரத்திலோ இரவிலோ வரும். விடிந்தால் பிள்ளை ஓடித் திரியும். ஆனால் ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், வாரக்கணக்காக நோவு நின்று பிள்ளை நொண்டினால், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். டொக்டரிடம் காட்டுங்கள். மிக அரிதாக அது எலும்பிலேயே தொடங்கும் லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்கலாம்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே" என்பது முழு ஆறுதல் அல்ல. நோய் என்பு மச்சைக்குள் பரவியிருக்கும்போதும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும், ஆனால் அதிலும் கிருமித்தொற்றுப் போலத் தோன்றி ஏமாற்றும்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற பயம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. முறையாகச் செய்யும் பயொப்சியால், அதாவது சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனையால், லிம்போமா பரவுவதில்லை. அது இல்லாமல் நோயை உறுதிசெய்யவும் முடியாது. வீக்கம் வற்றட்டும் என்று முதலே ஸ்டீரொய்ட் குளிசை கொடுத்தால்தான் கெடுதல். லிம்போமாக் கலங்கள் அதில் கரைந்து, எடுத்த துண்டில் அடையாளமே கிடைக்காமல் போகலாம். பிள்ளைக்குச் சில நாள் சுகமாக இருக்கும், வீட்டாரும் நிம்மதியடைவார்கள், நோய் உள்ளே இருக்கும். துண்டு கிடைத்தாலும் வேலை முடியாது. நுணுக்குக்காட்டியில் யூவிங் சார்கோமா என்ற வேறொரு எலும்புப் புற்றுநோயும் லிம்போமாவைப் போலவே சின்ன உருண்டைக் கலங்களாகத்தான் தெரியும். சிடி99 என்ற அடையாளம் இரண்டிலும் வரக்கூடும். அதனால் நோயியல் நிபுணர் சிடி45, சிடி20 என்று பலவற்றையும் பார்ப்பார். அறிக்கை சுணங்கினால் பொறுத்திருங்கள். மருந்து முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

"காலை எடுத்துவிடுவார்களாம்." இல்லை. லிம்போமாவுக்கு முக்கிய சிகிச்சை கீமோதெரபி. வின்கிறிஸ்டின், சைக்ளோபொஸ்பமைட் போன்றவற்றோடு அதே ஸ்டீரொய்டும் இப்போது மருந்தாகிறது. வளரும் எலும்பைக் காக்க, பல பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சையும் தவிர்ப்பார்கள். வகையைப் பொறுத்துச் சிகிச்சை சில மாதங்கள், அல்லது இரண்டு வருடமளவில் செல்லும்.

"மஹரகமவுக்குப் போனால் திரும்பி வருவதில்லை" என்பதும் பொய். அங்குள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை நடக்கிறது. உரிய சிகிச்சை கிடைத்தால் இந்த நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பான்மையோர் குணமாகிறார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காமல், அந்த இரவே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.