மறைகோடு மறையலாகாது

பொறியியல் வரைபடத்தில் நேரே தெரியும் விளிம்புக்குத் தொடர்கோடு. மறைந்த விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் கீற்றுக்கோடு. இவ்வேறுபாடு அழிந்தால் பொருளே மாறிவிடும்.

எஃகுத் தகடு ஒன்றை நான் ஆட்டோகேடில் வரைந்தேன். ஒரு தோற்றமே போதுமென எண்ணி, அடிப்புறக் காடியை மறைகோட்டால் காட்டினேன். அச்சில் அது தொடர்கோடாக விழுந்தது. பட்டறையார் காடியை மேற்புறத்தில் வெட்டிவிட்டார். திருகுத் தலைக் குழிகளும் மேற்புறத்திலேயே இருந்தமையால், புரட்டிப் போடவும் வழியில்லை. தகடு வீணாயிற்று. பிழை என்னுடையதே.

காரணம் யாது? நான் எடுத்தாண்ட கோட்டு வகை அங்குலக் கணக்கினது: கீற்று 0.25, இடைவெளி 0.125. மில்லிமீட்டர் படத்தில் அவை கண்ணுக்குப் புலப்படா. 'எல்டிஸ்கேல்' மதிப்பை 25.4 ஆக்கினேன், கீற்று 6.35 மில்லிமீட்டராக நீண்டது, மறைகோடும் தெளிந்தது.

நண்பர்களே, அச்சிட்ட தாளைக் கண்ணால் பார்த்த பின்னரே பட்டறைக்கு அனுப்புங்கள்.